தோற்கிற தொகுதி யாருக்கு?

இருக்கன்குடி சாத்தூர் தொகுதிக்குள் வருகிற ஊர். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேருமிடத்தில் மாரியம்மன் இருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நிற்க இடமிருக்காது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற பெண்களின் கூலியில் அடுப்பெரியும் வீடுகள் நிறைந்த தொகுதி இது. 1957இலும் 1962இலும் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1952 முதல் 2021 வரை எந்தப் பொதுத்தேர்தலிலும் ஒரு பெண்ணை அனுப்பவில்லை. அம்மன் ஆளும் ஊர் என்று சொல்லிக்கொள்வதில் மட்டும் நமக்குக் குறைவில்லை.

எதிரிக்குச் செல்வாக்குள்ள இடத்தில் ஒரு கட்சி நிற்கலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது. 1952இல் தேர்தலில் நிற்காத தி.மு.க., 1956இல் திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்துத் தொண்டர்களிடம் வாக்குக் கேட்டது. நிற்கலாம் என்றவர்களே மிகப் பெரும்பான்மை. அடுத்த ஆண்டு 15 இடங்கள், 1962இல் 50, 1967இல் ஆட்சி. அந்த 1967இல்தான் காமராசர் தன் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அது அவருடைய கோட்டை என்று ஒதுங்கியிருந்தால் அந்த முடிவு வந்திருக்காது.

ஒதுங்கிய கதையும் உண்டு. 1971இல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டு வைத்துச் சில மக்களவைத் தொகுதிகளை மட்டும் வாங்கிக்கொண்டு, சட்டமன்றத் தேர்தலில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. டெல்லிக்கு அது லாபம். இங்கே கிளைக் கட்சிக்காரனுக்குச் சுவரெழுதக்கூட வேலையில்லாமல் போனது. அதற்குப் பிறகு காங்கிரஸ் இந்த மாநிலத்தை ஆளவேயில்லை.

ஆக, நிற்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு: தோற்கிற இடத்தில் நிற்கவைக்கப்படுவது யார், தோற்ற பிறகு அவருக்கு என்ன நடக்கிறது?

சத்தியவாணி முத்து 1957இல் பெரம்பூரில் வென்றவர். 1962இல் அங்கேயே தோற்றார். அதே தேர்தலில் அண்ணாவும் காஞ்சிபுரத்தில் தோற்றார். அவருக்கு மாநிலங்களவை கிடைத்தது. தலைவர் என்பதால் அது நியாயம்தான் என்று வைத்துக்கொள்வோம். சத்தியவாணி முத்து ஐந்தாண்டு காத்திருந்தார். ஆனால் 1967இல் அதே பெரம்பூர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது, வென்றார், அமைச்சரானார். தோற்ற பெண்ணுக்கு அதே தொகுதி மறுபடி கிடைத்ததால் வந்த வெற்றி அது. ஒரு தலித் பெண்ணுக்கு அது கிடைத்தது என்பதை அடிக்கோடிட்டே படிக்க வேண்டும்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 இடங்களில் 117ஐப் பெண்களுக்குத் தந்தது. ஒருவரும் வெல்லவில்லை. வெல்லும் நிலையிலிருந்த பெரிய கட்சிகள் பெண்களுக்குக் கொஞ்சமாகவே இடம் தந்தன. சட்டமன்றத்துக்குப் போன பெண்கள் 12 பேர். 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க. நிறுத்தியது நடிகை ராதிகாவை. முதலிரண்டு இடங்களுக்கு 4,379 வாக்கு வித்தியாசத்தில் இரு ஆண்கள் மோதிக்கொண்டார்கள், அவர் மூன்றாமிடம். நட்சத்திரத்துக்குத் தோல்வியைத் தாங்கப் புகழாவது இருக்கிறது. பெயர் தெரியாத பெண்ணுக்கு? பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறிலொரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் சட்டமன்ற வைப்புத்தொகை 10,000 ரூபாய் போய்விடும். அது போகட்டும்; தெருவில் கேட்கிற பேச்சு இருக்கிறதே, அதற்கு ரசீது கிடையாது.

மெக்சிகோ 2014இல் கட்சிகளுக்கான சட்டத்திலேயே எழுதிவிட்டது: முந்தைய தேர்தலில் மிகக் குறைந்த வாக்கு வாங்கிய தொகுதிகளை மட்டும் ஒரு பாலினத்தாருக்கு ஒதுக்கக் கூடாது. இங்கே 2023இல் நிறைவேறிய மூன்றிலொரு பங்குச் சட்டம் தொகுதிகளையே ஒதுக்குவதால் அந்த வழி ஓரளவு அடைபடும். ஆனால் மறுவரையறை முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மீதி இரண்டு பங்கில் பெண்ணுக்கு எந்தத் தொகுதி என்பதை அப்போதும் கட்சி அலுவலகத்தில்தான் முடிவு செய்வார்கள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் படம் ஒவ்வொரு தேர்தலிலும் நாளிதழில் வரும். அதில் எத்தனை பெண்கள் என்று என் மாணவிகளை எண்ணச் சொல்வேன். எண்ணி முடிக்க ஒரு கை விரல்களே மிச்சம்.