கிதாபுப் புள்ளியும் பூதக்கண்ணாடியும்

அரபுத்தமிழில் புள்ளிக்குப் பெரிய வேலை. 'தால்' எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ட'. 'ஃபே'யின் தலைப்புள்ளியோடு கீழேயும் ஒரு புள்ளி வைத்தால் 'ப'. எண்களிலும் இதே கதைதான். அரபு எண்ணில் சுழியமே வெறும் புள்ளி. பழைய கல்லச்சுக் கிதாபில் ஓர் ஈ எச்சமிட்டால் 'பதி' என்பது 'படி'யாகும், ஓரக்குறிப்பில் 13 ரூபாய் 130 ஆகிவிடும்.

கீழக்கரை இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்றவை நம் வீடுகளில் ஓதப்பட்ட கிதாபுகள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பிள்ளையைத் தூக்குவதா, கிதாபைத் தூக்குவதா? எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. பருத்தித்துறையில் உம்மம்மா வீட்டில் இருந்தது. பெரியும்மா அதற்கு முன்பே கல்யாணமாகிப் புத்தளம் போனபோது கூடவே போனதால் தப்பியது.

அதன் முதல் ஏட்டில் ஊர்ப்பெயரும் ஒரு ஹிஜ்ரி ஆண்டும் மையால் எழுதியிருக்கு. 1322ஆ, 1332ஆ? அரபு எண்ணில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு பல்தான் வித்தியாசம். முன்னது 1904, பின்னது 1914. பத்து வருஷம் சின்ன விஷயமா என்று கேட்கலாம். மூத்தவாப்பா பிறந்தது 1910இல். 1904 என்றால் எழுதியவர் அவருக்கும் முந்திய தலைமுறை. அப்போதே எங்கள் ஆட்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். பத்து மடங்கு வில்லையை வைத்துப் பார்த்தேன். மை காகித நாரில் ஊறிப் படர்ந்திருக்கும். அந்த மூன்றாவது பல்லில் ஊறலே இல்லை, வெறும் பூச்சி அரித்த தடம். ஏட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், அந்த இடத்தால் ஒளி வந்தது. 1322தான்.

வில்லை வாங்குகிறவர்கள் கணக்கொன்றை வைத்துக்கொள்ளுங்கோ. 25 சென்ரிமீற்றரைக் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே பெருக்கம். ஜன்னலின் உருவம் எதிர்ச்சுவரில் தெளிவாக விழும்படி வில்லையைப் பிடித்து, சுவருக்கும் வில்லைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் குவியத்தூரம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் '30 மடங்கு' என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். 30 மடங்குக்குக் குவியத்தூரம் 8 மில்லிமீற்றர், அதற்கு வில்லை மிகவும் சிறிதாகச் சுருங்க வேண்டும். கோடுபோட்ட கொப்பியை அடியில் வைத்துப் பாருங்கோ. ஓரத்தில் கோடு வளைந்தாலோ, நீலமும் சிவப்பும் கசிந்தாலோ அது புள்ளி பார்க்க உதவாது. மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த, நகைக்காரர் பாவிக்கும் பத்து மடங்கு மடக்குவில்லையே நல்லது. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஏட்டைத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும். பலர் செய்வது நேர்மாறு.

கோளக் கண்ணாடிக்குப் பின்னால் பொருள் பெருத்துத் தெரிவதை ஆராய்ந்தவர்களில் பஸறாவில் பிறந்த இப்னு ஹைதம் முக்கியமானவர். 'கிதாபுல் மனாழிர்' என்ற அவருடைய ஏழு பாக நூலில், ஒளி முறிவுக்கென்றே ஏழாம் பாகம். நமது மத்ரஸாக்களில் இவர் பெயரைச் சொல்லுவார்கள், ஒரு வில்லையைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

வாசித்துப் போவதற்கு மூன்று மடங்கு அகலக் கண்ணாடி போதும். பத்து மடங்கு, சந்தேகம் வரும் எழுத்துக்கு மட்டும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்து விடுங்கோ; எச்சம் மேடாக நிற்கும், மை நிற்காது.