விரியும் வரைபடமும் சிறிய தெருவும்: ஸ்தவாங்கரின் வட்டாரத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு, 1956–2020

நார்வேயின் தென்மேற்குக் கரையில், ரோகலாந்து மாவட்டத்தின் தலைமையிடமாக இருப்பது ஸ்தவாங்கர். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்த நகரை எண்ணெய்த் தொழிலின் நகராகவே உலகம் அறியும். நகரத் திட்டமிடலைப் படிப்பவர்களுக்கு அது வேறொரு காரணத்தால் முக்கியமாகிறது. இங்கே திட்டத்தின் எல்லை அறுபது ஆண்டுகளில் ஒரு தெருவிலிருந்து நகருக்கும், நகரிலிருந்து அண்டை நகராட்சிகளுக்கும், பிறகு வட்டாரம் முழுமைக்கும் விரிந்தது. எல்லை விரிந்தபோதெல்லாம் மக்கள் பேசுவதற்கான இடமும் புதிதாக உருவாக வேண்டியிருந்தது. அது உருவான காலத்தில் திட்டம் நிலைத்தது. உருவாகாத காலத்தில் முடிவுகள் வாக்குச்சாவடியில் கவிழ்ந்தன. அந்த வரலாற்றைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சான்று, துறைமுகக் குடாவின் மேற்குக் கரையில் இருக்கும் பழைய ஸ்தவாங்கர் என்ற பகுதி. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மாலுமிகளும் மீன் பதப்படுத்தும் தொழிலாளர்களும் கட்டிக்கொண்ட சிறு மர வீடுகளால் ஆனது அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மத்தி மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளை நம்பியிருந்த நகரம் தன்னைப் புதுப்பிக்க நினைத்தபோது, இந்த வீடுகளை இடித்துவிட்டு நவீனக் கட்டடங்கள் எழுப்ப வேண்டும் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. நகரக் கட்டடக் கலைஞர் எய்னார் ஹெடென் அதை விடாப்பிடியாக எதிர்த்தார். 1956-இல் நகர்மன்றம் அப்பகுதியைக் காப்பது என்று முடிவெடுத்தது. முதலில் சிறிதாக வரையப்பட்ட பாதுகாப்பு எல்லை பின்னர் நீண்டு, இன்று 250 கட்டடங்களுக்கு மேல் அதற்குள் அடங்குகின்றன. 1975-ஆம் ஆண்டை ஐரோப்பியக் கட்டடக்கலை மரபு ஆண்டாகக் கொண்டாடியபோது, நார்வே தன் முன்மாதிரிகளாக முன்வைத்த மூன்றில் ரோரொஸ், நூஸ்ஃபியோர்ட் ஆகியவற்றோடு பழைய ஸ்தவாங்கரும் இருந்தது.

இதைத் தனியொரு அதிகாரியின் வெற்றியாக மட்டும் சொல்வது வழக்கம். எனக்கு அது போதாது. வீடுகளில் பெரும்பாலானவை தனியார் வசம் இருந்தவை. கூரையைப் பழுதுபார்த்து, பலகைக்கு வெள்ளையடித்து, சன்னலை அதே அளவில் மாற்றி, அங்கேயே குடியிருக்கச் சம்மதித்த குடும்பங்கள் இல்லாமல் நகர்மன்றத் தீர்மானம் காகிதத்திலேயே நின்றிருக்கும். சட்டம் பங்கேற்பைக் கோருவதற்கு வெகு முன்பே நடந்த பங்கேற்பு அது. அதன் அளவு ஒரு தெரு என்பதால் சாத்தியமாயிற்று.

1965 அந்த அளவை மாற்றியது. அவ்வாண்டு ஜனவரி 1 அன்று ஹெட்லாந்து, மாட்லா ஆகிய அண்டைப் பகுதிகள் ஸ்தவாங்கருடன் இணைந்தன. அதே ஆண்டில் நிறைவேறிய கட்டடச் சட்டம், எல்லா நகராட்சிகளும் பொதுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நகராட்சி எல்லை தாண்டிய வட்டாரத் திட்டத்துக்கும் வழி செய்தது. அப்போதைய மேயர் ஆர்னே ரெட்டெடால் எதிர்காலத்தை நிலத்தின் வழியாகவே பார்த்தவர். 1968-இல் ஸ்தவாங்கர், சான்ட்னெஸ், சூலா ஆகிய மூன்று நகராட்சிகளும் சேர்ந்து, தங்கள் எல்லைகள் சந்திக்கும் ஃபோருஸ் சமவெளியில் தொழில் மனைகளுக்காக ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி நீரை வடித்து வேளாண்மைக்குக் கொண்டுவந்த நிலம் அது.

நிலம் தயாராக இருந்தபோது எண்ணெய் வந்தது. 1969 இறுதியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் உறுதியானது. 1972-இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலின் தலைமையகத்துக்குப் பேர்கனும் திரொன்ட்ஹெய்மும் போட்டியிட்டன. நாடாளுமன்றம் ஸ்தவாங்கரைத் தேர்ந்தது. மனை கேட்ட நிறுவனங்களுக்கெல்லாம் ஃபோருஸில் இடம் இருந்தது. மூன்று நகராட்சிகள் ஒன்றுக்கொன்று எதிராக ஏலம் போடாமல் சேர்ந்து நின்றது வட்டார ஒத்துழைப்பின் பெரிய பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் குடிமக்களுக்கு இடமே இல்லை. விளைவை இன்றும் பார்க்கலாம்: தாழ்ந்த அலுவலகக் கட்டடங்கள், அவற்றைச் சுற்றிப் பரந்த கார் நிறுத்தங்கள், பேருந்தில் போக வேண்டுமானால் வளைந்து செல்லும் பாதை. கார் இல்லாமல் வாழ இயலாத ஒரு வேலைத்தலத்தை அக்காலம் விட்டுச்சென்றது. 2014-இல் எண்ணெய் விலை சரிந்து அலுவலகங்கள் காலியானபோது, ஒரே தொழிலை நம்பிய நிலப் பயன்பாட்டின் பலவீனமும் வெளிப்பட்டது.

எண்ணெயால் வந்த வீட்டுத் தேவை முதலில் விழுங்கத் தொடங்கியது யேரன் சமவெளியை. மலையும் பாறையும் நிறைந்த நார்வேயில் மொத்த நிலத்தில் சுமார் மூன்று விழுக்காடுதான் சாகுபடி நிலம். அதில் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று ஸ்தவாங்கருக்குத் தெற்கே விரிகிற யேரன். தலைமுறை தலைமுறையாக உழவர்கள் வயலிலிருந்து கல் பொறுக்கி, அந்தக் கல்லாலேயே வரப்புச் சுவர் எழுப்பிய மண் அது. பால், இறைச்சி, கண்ணாடிக் குடில் தக்காளி எனப் பெரும் உணவு உற்பத்தி அங்கே நடக்கிறது. அதன் மேல் தனித்தனி நகராட்சிகள் தனித்தனியாக வீட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் கணக்கில் நியாயமாகத்தான் நடந்தது. கூட்டிப் பார்த்தால் வயல் தேய்ந்துகொண்டிருந்தது.

2000-இல் ரோகலாந்து மாவட்ட மன்றம் ஏற்ற யேரன் நீண்டகால நகர வளர்ச்சித் திட்டம் இதற்குப் பதில் தேடியது. வேளாண் நிலத்துக்கு நீண்டகால எல்லைக் கோடு ஒன்றை அது வரைந்தது. கோட்டுக்கு உள்ளே நகரம் அடர்ந்து வளரலாம், குறிப்பாக ரயில் நிலையங்களையும் பேருந்துத் தடங்களையும் ஒட்டி. அப்பால் வயல் வயலாகவே இருக்கும். ஆட்கள் மிகுதியாக வந்துபோகும் நிறுவனங்கள் பொதுப் போக்குவரத்துக்கு அருகிலும், சரக்கும் பரப்பும் வேண்டுபவை நெடுஞ்சாலை ஓரத்திலும் அமைய வேண்டும் என்ற விதியும் யேரன் திட்டங்களில் இடம்பெற்றது. 2009-இல் ஸ்தவாங்கர்–சான்ட்னெஸ் ரயில் பாதை இரட்டைத் தடமானபோது இந்தச் சிந்தனைக்கு முதுகெலும்பு கிடைத்தது. கடல்மேல் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்குக் கான்கிரீட் அடித்தளம் வார்த்த யாத்தோவோகன், அந்தப் பாதையின் ஓரத்தில் குடியிருப்புப் பகுதியாக மாறியது. 2013-இல் திட்டம் 2040-ஐ இலக்காக வைத்துப் புதுப்பிக்கப்பட்டது.

கோட்டை வரைந்தது மாவட்டம். ஆனால் அதைத் தாங்கியது பங்கேற்பு குறித்த சட்டம். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பங்கேற்பு என்ற சொல் எங்கும் எளிதாகப் புழங்குகிறது, அதன் இயந்திரம் அரிதாகவே பேசப்படுகிறது. 1985-இன் திட்டமிடல், கட்டடச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2008 சட்டம் சில குறிப்பான கடமைகளை விதிக்கிறது. நகராட்சித் திட்டத்துக்குக் கோடு வரையும் முன்பே, எதை ஆராயப் போகிறோம், யாரை எப்படிக் கலந்துபேசப் போகிறோம் என்ற செயல்முறை அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம். பிறகு வரைவு தயாரானதும் மீண்டும் குறைந்தது ஆறு வாரம். சிறுவர், இளைஞர் உள்ளிட்ட, தாமாக வந்து பேச இயலாதவர்களைத் தேடிச் சென்று கேட்பது நகராட்சியின் தனிப்பொறுப்பு.

குழந்தைகளுக்கான ஏற்பாடு 1989-இலேயே தொடங்கிவிட்டது. திட்டக் குழுவில் அவர்கள் சார்பாகப் பேச ஒருவர் இருந்தாக வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். அதை ஒட்டி நார்வே நகராட்சிகளில் வளர்ந்த ஒரு முறை, பள்ளி மாணவர்களிடம் அவர்களின் வட்டார வரைபடத்தைக் கொடுப்பது. பள்ளிக்கு நடக்கும் வழி, சறுக்கி விளையாடும் மேடு, இருட்டியபின் பயப்படும் சுரங்கப்பாதை, வண்டிகள் வேகமாக வரும் திருப்பம் என அவர்கள் குறித்துக் கொடுக்கிறார்கள். வேலிகளுக்கிடையே குழந்தைகளின் காலடியால் மட்டும் உண்டான குறுக்குப் பாதை எந்த நில அளவைப் பதிவிலும் இராது. இந்த வரைபடத்தில் இருக்கும். மனைப்பிரிவு வரைபவர் பிறகு அதைக் காணாததுபோல் இருக்க முடியாது.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது. மன்றத்தின் முடிவுக்கு வரும் கோப்பில், வந்த கருத்துகள் எப்படி மதிப்பிடப்பட்டன, அவற்றுக்கு என்ன எடை தரப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். நடைமுறையில் இது ஒரு நீண்ட பட்டியல்: ஒவ்வொரு கடிதத்தின் சுருக்கம், அதன் அடியில் திட்ட அலுவலரின் பதில். ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை, இன்ன காரணம். தோற்றவருக்கும் காரணம் எழுத்தில் கிடைக்கிறது. அடுத்த முறை அவர் மறுபடி எழுதுவதற்கு அதுவே காரணமாகிறது.

இந்த இயந்திரத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவு என்ன ஆயிற்று என்பதையும் ஸ்தவாங்கர் காட்டியது. நகரங்களில் கார்ப் பயணம் இனி கூடக்கூடாது என்று 2012-இல் நாடாளுமன்றம் தேசிய இலக்கு வைத்தது. அவ்வாண்டே ரோகலாந்து மாவட்ட மன்றம் டிராம் யோசனையைக் கைவிட்டு, பேருந்துக்கென்றே தனித்தடம் அமைப்பதைத் தேர்ந்தது. செலவுக்கு அரசும் மாவட்டமும் நகராட்சிகளும் பேசி உருவாக்கிய போக்குவரத்துத் தொகுப்பு 2017-இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றது. 2018 அக்டோபர் 1 அன்று வட்டாரமெங்கும் புதிய சுங்கச் சாவடிகள் இயங்கத் தொடங்கின. சாதாரண நேரத்தில் காருக்கு 22 குரோனர், காலை, மாலை நெரிசல் நேரத்தில் 44.

மக்கள் கொதித்தார்கள். 2014-இல் இந்தப் பகுதியிலேயே தொடங்கியிருந்த சுங்க எதிர்ப்பு இயக்கம், 2019 உள்ளாட்சித் தேர்தலில் நாட்டின் பெரிய நகரங்களில் கட்சியாக நின்றது; பேர்கனில் 16 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு வாங்கியது. ஸ்தவாங்கரில் தொழிலாளர் கட்சி அமைத்த புதிய கூட்டணியில், சுங்க எதிர்ப்பாளர்களும் பசுமைக் கட்சியும் ஒரே மேசையில் அமர்ந்தனர். 2020 தொடக்கத்தில் நெரிசல் கட்டணம் நீக்கப்பட்டது.

இதைச் சூழல் உணர்வற்றவர்களின் கலகம் என்று ஒதுக்குவது தவறு. தொகுப்பிலிருந்த ஒவ்வொரு சாலைக்கும் தனித் திட்டமும் கருத்துக்கேட்பும் உண்டு. ஆனால் தொகுப்பு என்பது அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். திட்டமிடல் சட்டத்தின் இரண்டு சுற்றுக் கேட்பு அதற்குப் பொருந்தாது. பேருந்து வசதி குறைந்த ஃபோருஸுக்குக் குறித்த நேரத்தில் போயாக வேண்டிய தொழிலாளி, தன் நிலையைச் சொல்லிப் பதில் பெறும் வாய்ப்பு அந்த ஏற்பாட்டில் இல்லை. 1968-இல் அவரைக் கேட்காமல் கட்டிய வேலைத்தலத்துக்கு, ஐம்பது ஆண்டு கழித்து அவரைக் கேட்காமலே கட்டணம் வைத்தார்கள்.

2020 ஜனவரி 1 அன்று ஃபின்னோய், ரென்னெசோய் ஆகிய தீவுகள் ஸ்தவாங்கருடன் இணைந்தன. நகராட்சி மறுபடி பெரிதாயிற்று. 1965-ஐப் போலல்லாமல், இம்முறை கீழ்மட்டமும் கவனிக்கப்பட்டது. நகரில் ஏற்கெனவே இருந்த ஏழு பகுதிக் குழுக்களோடு தீவுகளுக்கும் குழுக்கள் சேர்ந்து ஒன்பதாயின. 2015 அளவோடு ஒப்பிட்டு 2030-க்குள் பைங்குடில் வாயுக்களை 80 விழுக்காடு குறைப்பது என்ற நகரின் இலக்கு, இந்தக் குழுக்களின் நம்பிக்கை இல்லாமல் நிறைவேறப் போவதில்லை.

தமிழ்நாட்டில் இதே கேள்வி இப்போது நம் முன் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து அரக்கோணம் வரை நீண்டு 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறப் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. விரிந்த வரைபடமும் சிறிய சபையும் ஒரே ஆண்டில் கிடைத்திருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கட்டாயம் இன்னும் வலுவாக இல்லை. பள்ளிக்கரணை சதுப்பையும் ஏரி நீர்ப்பிடிப்புகளையும் தெருவாரியாக அறிந்தவர்கள் அந்தச் சபைகளில்தான் இருக்கிறார்கள். சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு உங்கள் பகுதிக்குக் கருத்துக்கேட்புக்கு வரும்போது கடிதம் எழுதுங்கள். உங்கள் கடிதத்துக்கு என்ன பதில், எந்தப் பிரிவு அதனால் மாறியது, மாறவில்லை என்றால் ஏன் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.