நடையின் வரலாறும் நம் உடல் நலமும்

தமிழில் நடை என்னும் சொல் ஒன்று. அது தரும் பொருளோ பல. காலால் இயங்குவது நடை. மாந்தர் ஒழுகும் ஒழுக்கமும் நடை. புலவர் உரை வரையும் பாங்கும் நடை. கோயிலின் வாயிலும் நடை. அன்றாட நிகழ்ச்சிகளை நடப்பு என்கிறோம். நம் முன்னோர் தொலைவை அளந்ததும் நடையைக் கொண்டே. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்து கடக்கும் தூரத்தை நாழிகை வழி என்று வழங்கினர். வாழ்வே நடை எனக் கருதிய மக்களின் வழிவந்த நம் இல்லங்களில், அந்த நடை இன்று மெல்ல விடைபெற்று வருகின்றது. அது போவதால் நாம் இழப்பது யாது என்பதை அறிய வேண்டுமாயின், அது வந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதன் எழுந்து நின்ற காலம்

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் லேட்டோலி என்றோர் இடம் உண்டு. பண்டொரு நாள் அங்கே எரிமலைச் சாம்பல் படிந்தது. மழையால் அது நனைந்தது. ஈரம் உலருமுன் சிலர் அதன்மீது நடந்து சென்றனர். மேலும் சாம்பல் படிந்து அச்சுவடுகளை மூடிக் காத்தது. மேரி லீக்கி அம்மையாரின் ஆய்வுக் குழுவினர் 1978 ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டெடுத்தனர். சுவடுகளின் வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள்! குரங்கின் கால் பெருவிரல் நம் கைக் கட்டைவிரல் போல விலகி நிற்கும். அச்சுவடுகளிலோ பெருவிரல் பிற விரல்களுடன் இணைந்து முன்னோக்கி நிற்கின்றது. குதிகால் முதலில் பதிந்ததும் தெரிகின்றது. கற்கருவி செய்யக் கற்பதற்கும், மூளை பெரிதாவதற்கும் முன்னரே மனித குலம் இரு காலால் நடக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

இயற்கையான நடையின் அமைப்பு வியக்கத்தக்கது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. குதிகால் முதலில் நிலத்தைத் தொடுகின்றது. உடற்பாரம் பாதத்தின் வெளி விளிம்பு வழியாக முன்னேறி, விரல்களின் அடிப்பகுதியை அடைகின்றது. இறுதியில் பெருவிரல் நிலத்தை உந்தி அடுத்த அடிக்கு வழிவிடுகின்றது. வலக்கால் முன் செல்லுங்கால் இடக்கை முன் வீசுகின்றது. ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி, காலில் தேங்கும் குருதியை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றது. இதனாலேயே அத்தசையை இரண்டாவது இருதயம் என்று கூறுவர். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பார்க்கு மாலையில் கால் வீங்குவதேன் என்பது இதனால் விளங்கும்.

பண்டை மருத்துவர் கண்ட உண்மை

நம் நாட்டு மருத்துவர்கள் நடையின் பயனை நெடுங்காலம் முன்னரே உணர்ந்திருந்தனர். சுசுருத சங்கிதையில், நீரிழிவை உள்ளடக்கிய பிரமேக நோய்க்குச் சிகிச்சை கூறும் பகுதி கருதத்தக்கது. நோய் முற்றியவர்க்கு மற்போர், யானையேற்றம், குதிரையேற்றம், நடை முதலிய பயிற்சிகளை அந்நூல் விதிக்கின்றது. பொருளும் சுற்றமும் இல்லாதவனோ, செருப்பும் குடையும் இன்றி, பிச்சை ஏற்று உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவே தங்கி, முனிவனைப் போல் அடக்கத்துடன் நூறு யோசனைத் தொலைவோ அதற்கு மேலோ நடக்க வேண்டும் என்கின்றது. மருந்துக்குக் காசில்லாதவனையும் மருத்துவர் கைவிடவில்லை. அவன் கால்களையே அவனுக்கு மருந்தாக்கினார்.

தமிழ் மருத்துவ மரபிலும் இக்கருத்து உண்டு. உண்டபின் குறுநடை கொள்ளல் வேண்டும் என்பது தேரையர் பெயரால் வழங்கும் விதிகளுள் ஒன்று. உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பின் குருதியில் சர்க்கரை ஏறுவது குறைகின்றது என இக்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குருதியிலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்ளும் என்பதே இதன் காரணம்.

இந்நாட்டில் நடை சமயத்தோடும் கலந்தது. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்லும் அடியாரை நாம் அறிவோம். மராட்டிய மாநிலத்தில் ஆளந்தியிலிருந்தும் தேகூவிலிருந்தும் பண்டரிபுரத்திற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கும் வார்க்கரி அடியாரும் இம்மரபினரே. நடப்பவர்க்கென்றே எழுந்தவை நம் ஊர்ச் சாலைகளின் சத்திரங்களும், சுமைதாங்கிக் கற்களும், நிழல்தரு மரங்களும்.

தண்டியும் வேதாரணியமும்

இந்திய நாட்டின் விடுதலை வரலாற்றில் நடைக்குத் தனியிடம் உண்டு. காந்தியடிகள் பள்ளி நாட்களிலேயே, திறந்த வெளியில் நெடுந்தூரம் நடத்தலின் நன்மையை நூல்களிற் படித்து, அதைப் பழக்கமாக்கிக் கொண்டவர். இலண்டனில் சட்டம் பயின்றபோது வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். அங்கிருந்த காலத்தில் நோயின்றி வாழ்ந்ததற்கு அந்நடையே முதற்காரணம் என்று தம் சுயசரிதையில் குறித்துள்ளார். சிக்கனம் கருதித் தொடங்கிய நடை உடலுக்கு உரமாயிற்று. அவ்வுரம் பின்னர் நாட்டுக்கு உதவிற்று. 1930 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12 ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, 241 மைல் கடந்து, ஏப்ரல் 5 ஆம் நாள் தண்டிக் கடற்கரையை அடைந்தபோது அவருக்கு வயது 60 நிரம்பியிருந்தது.

அதே ஏப்ரல் 13 ஆம் நாள், ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கிப் புறப்பட்டார். சுமார் 150 மைல், சித்திரை வெயில், வழியில் சோறும் நிழலும் தருவோரை அரசாங்கம் அச்சுறுத்திய காலம். ஆயினும் பயணம் முற்றுப்பெற்றது. 1951 இல் போச்சம்பள்ளியில் பூதான இயக்கத்தைத் தொடங்கிய வினோபா, அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக இந்தியாவெங்கும் நடந்தே சென்றார் என்பதும் இங்கு நினையத்தகும்.

பேருந்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி

நடப்பதால் நலம் உண்டு என்பது பெரியோர் வாக்காக மட்டும் இருந்த நிலையை மாற்றியவர்களுள் இலண்டன் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் தலையாயவர். இருதய நோய் பெருகிவந்த அக்காலத்தில், அவர் இலண்டன் நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். ஒரே வண்டி, ஒரே தெரு, ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள தொழிலாளர். ஆயின் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி இறங்குபவர். சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களைப் பற்றிய அவ்வாய்வு 1953 இல் வெளிவந்தது. நடத்துநருக்கு மாரடைப்புக் குறைவு. வந்தாலும் பிந்தி வந்தது. அதன் கடுமையும் குறைவு. நடந்து கடிதம் வழங்கும் அஞ்சற்காரரை அமர்ந்து எழுதும் எழுத்தரோடு ஒப்பிட்டபோதும் அதுவே தெரிந்தது.

அறிஞர்கள் ஐயம் எழுப்பாமல் இல்லை. ஓட்டுநர் வேலைக்கு வருவோர் முன்னரே பருத்த உடலினராயின், நோய்க்கு நாற்காலியை மட்டும் குறை கூறலாமா? மோரிஸ் அவ்வையத்தை ஒதுக்கவில்லை. சீருடைக் கணக்கேடுகளை எடுத்து இடுப்பளவுகளை ஒப்பிட்டார்; ஓட்டுநர் இடுப்பு இளமையிலேயே சற்றுப் பெரிதுதான் என்பதை 1956 இல் தாமே வெளியிட்டார். எனினும் அவரும் பிறரும் பின்னர் நிகழ்த்திய ஆய்வுகள், உடல் இயக்கம் இருதயத்தைக் காக்கும் என்பதை மேலும் மேலும் உறுதி செய்தன. அவர் 2009 இல், தம் 99 ஆம் வயதில் மறைந்தார்.

நம் சென்னையிலும் ஓர் அரிய ஆய்வு நிகழ்ந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு எல்லையில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து, 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆயினர். உணவைத் திருத்திக்கொண்டு, நாள்தோறும் அரை மணியேனும் விரைந்து நடக்குமாறு அறிவுறுத்தப் பெற்றவர்களுள் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவினர் என்று 2023 இல் கணிக்கப்பட்டதை எண்ணும்போது, இவ்வேறுபாடு எத்துணைக் குடும்பங்களின் நிம்மதி என்பது விளங்கும்.

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பலர் கூறக் கேட்கிறோம். 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பதினாயிரம் அடி மானி’ என்பதாகும். அவ்வெண் பரவியது அதன் வாயிலாகவே. 2019 இல் அமெரிக்காவில் முதிய மகளிர் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நிகழ்த்திய ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடை இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நன்மை பெரிதும் கூடவில்லை. ஆகவே பெரிய எண்ணைக் கண்டு மலைத்து ஒன்றும் செய்யாதிருப்பது அறிவுடைமை ஆகாது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நம் காலனிக்குக் கூறும் செய்தி யாது? ஊரில் கோயில், குளம், கடைத்தெரு என்று காலையும் மாலையும் நடந்து பழகிய பெற்றோரை அன்போடு இங்கு அழைத்து வருகிறோம். வேண்டுவன யாவும் அவர்கள் இருக்கும் இடத்திற்கே கொணர்ந்து தருகிறோம். ஆனால் மாடி வீடு, அறியாத மொழி, வழி தவறுமோ என்னும் அச்சம், ஆகவே அவர்கள் வாயிற்படியோடு நின்றுவிடுகின்றனர். சில திங்களில் கால் தளர்கின்றது. தளர்ந்த கால் தடுமாறுகின்றது. அதை நாம் முதுமை என்று கருதிவிடுகிறோம். அதில் ஒரு பகுதி முதுமையன்று, நடையின்மையே.

இக்குறையை நீக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாலைதோறும் முறைவைத்து, இரண்டு இளைஞர் நான்கு பெரியவர்களைப் பூங்காவரை அழைத்துச் சென்று மீளலாம். சிறுவரும் உடன் சென்றால், பெரியவர்க்கு நடையும் சிறுவர்க்குத் தமிழும் ஒருங்கே கிட்டும். சங்கம் இதனை ஒரு திட்டமாக மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நடக்கும்போது மார்பில் வலியோ மிகு மூச்சிரைப்போ தோன்றின் உடனே நின்று மருத்துவரை நாடல் வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. புகையும் பனியும் சேர்ந்து மூடும் குளிர்கால வைகறையில் முதியோர் வெளியே செல்வதைத் தவிர்த்து, வெயில் ஏறியபின் நடப்பதே நன்று.

லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்து நடந்து உருவான உடல் இது. நடை அதற்கு அணியன்று; உணவும் உறக்கமும் போல அடிப்படைத் தேவை. பிழைப்பை நாடி நெடுந்தூரம் வந்த நாம், நம் பெற்றோருடன் தெருமுனை வரையேனும் நடப்போமாக! அடுத்த ஆண்டு விழாவிற்கு அவர்கள் நம் கை பற்றி வண்டியிலிருந்து இறங்காமல், தம் காலால் நடந்தே வந்து முன்வரிசையில் அமர்வார்களாக!