வீட்டு எடைப்பயிற்சியின் வரலாறு

பிழைப்புக்காக அல்லாமல் உடல் வலிமைக்காக, சாதாரண மக்கள் தம் வீட்டிலோ சிறு கூடங்களிலோ எடை தூக்கிப் பழகுவதே வீட்டு எடைப்பயிற்சி எனப்படுகிறது. இன்று உலகெங்கும் காணப்படும் இதன் வடிவம், ஏறத்தாழ 1900 முதல் 1960 வரையான காலத்தில் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. அங்கே பயிற்சிக்கு அறிவுரை சொன்னவர்களே கருவிகளையும் விற்றனர். பின்னர் உணவுப் பொருட்களையும் விற்றனர். எனவே இந்த வரலாற்றில் நல்ல அறிவும் வியாபாரமும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன.

சாண்டோவின் காலம்

எடை கொண்டு உடலை வலுப்படுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. இந்தியாவின் கர்லாக்கட்டை, பிரிட்டிஷ் படையினர் வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ள பயிற்சிக் கூடங்களில் இடம்பெற்றது. ஆனால் கனமான எடைகளைத் தூக்குவது அக்காலத்தில் மேடைப் பயில்வான்களின் வித்தையாகவே இருந்தது.

பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ (1867–1925) இந்த மேடை வித்தையைப் பொதுமக்களின் ஆசையாக மாற்றினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது அந்நகரில் அவர் நடத்திய காட்சிகள் பெரும் புகழ் பெற்றன. 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களில் ஒருவராக இருந்தார். 1904–05இல் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயரே நம் நாட்டில் உடற்கட்டுக்கு அடைமொழியாயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவரின் பெயரில் தமிழர்கள் அதை நன்கு அறிவார்கள்.

மேடையில் மிகுந்த கனத்தைத் தூக்கிய சாண்டோ, மக்களுக்கு விற்றது சுருள்வில் பொருத்திய இலேசான டம்பெல்லை. அஞ்சலில் அனுப்புவதற்கு அது எளிது; வாங்குபவருக்கும் அச்சமில்லை. ஆனால் எடை மாறாத இலேசான கருவியால் உடல் ஓரளவுக்கு மேல் வலுவடைவதில்லை. கற்பித்தவர் செய்ததும் கற்பித்ததும் வேறாக இருந்த நிலை இந்த வரலாற்றில் பிறகும் தொடர்ந்தது.

தட்டு மாற்றும் பார்பெல்

சிகாகோவில் சாண்டோவைக் கண்ட ஆலன் கால்வர்ட் என்னும் இளைஞர், 1902இல் பிலடெல்பியாவில் மைலோ பார்பெல் நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டைய கிரேக்க மல்லரான மைலோ, ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கிவந்து, அது காளையான பிறகும் தூக்கினார் என்பது பழங்கதை. அந்தக் கதையின் கருத்தைக் கருவியாக்கியதே கால்வர்ட்டின் பணி.

அதற்கு முன் பார்பெல் என்பது இருமுனையிலும் உருண்டை கொண்ட ஒரே எடையுள்ள தண்டு. பலம் கூடும்போது வேறொரு தண்டு தேவைப்படும். உள்ளே ஈயக் குண்டுகளை நிரப்பி எடை கூட்டும் உருண்டைகளும் இருந்தன. அவற்றைத் திறந்து மூடுவது தொல்லை. கால்வர்ட் எடையைக் கூட்டிக் குறைக்கத்தக்க பார்பெல்களைச் சாதாரண மனிதர் வாங்கும்படி செய்தார். நாளடைவில் இரும்புத் தட்டுகளை மாட்டும் முறையே நிலைத்தது.

கருவியோடு ஒரு முறையையும் அவர் அனுப்பினார். தாங்கக்கூடிய எடையில் தொடங்க வேண்டும். தூக்கும் எண்ணிக்கையைச் சில நாட்களுக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். குறித்த எண்ணிக்கை வந்ததும் எடையைச் சிறிது கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து, மீண்டும் தொடங்க வேண்டும். 1914இல் அவர் தொடங்கிய 'ஸ்ட்ரெங்த்' இதழ் இம்முறையை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. இன்றைய பயிற்சி அட்டவணைகள் பலவும் இதே கணக்கின் வேறு வடிவங்களே.

கடிதங்களும் பாலும்

1932இல் பாப் ஹாஃப்மன் 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' இதழையும், 1936இல் பியரி ரேடர் நெப்ராஸ்காவின் ஒரு சிற்றூரிலிருந்து 'அயர்ன் மேன்' இதழையும் தொடங்கினர். பயிற்சியாளர் இல்லாத ஊர்களில் இவையே ஆசான்கள். ஒருவர் தம் கொட்டகையில் செய்து பார்த்ததை எழுதுவார். மற்றவர் அதைத் தம் ஊரில் செய்து பார்ப்பார்.

இவ்வாறு பரவியதே தோளில் கனமான பார்பெல்லைத் தாங்கி 20 முறை உட்கார்ந்து எழும் பஸ்கிப் பயிற்சி. ஜோசப் கர்ட்டிஸ் ஹைஸ் என்பவர் இதனால் ஒரே மாதத்தில் 29 பவுண்டு எடை கூடியதாக அறிவித்தார். நீண்ட காலம் பயன் காணாத ரேடரும் இதன் பிறகே உடல் தேறினார். உடன் சொல்லப்பட்ட உணவு மிக எளியது: வயிறார உணவு, நிறையப் பால், நல்ல ஓய்வு. மாவோ மாத்திரையோ அதில் இல்லை.

அறிஞர்களின் எதிர்ப்பு

அந்நாளில் உடற்கல்வி ஆசிரியர்களும் மருத்துவர்களும் எடைப்பயிற்சியை ஏற்கவில்லை. தசைகள் இறுகிவிடும், அசைவு மந்தமாகும் என்று எச்சரித்தனர். விளையாட்டு வீரர்கள் எடையைத் தொடக்கூடாது என்பது பொதுவான கருத்து.

1940இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரிக்கு ஹாஃப்மன் சில பளுதூக்கும் வீரர்களை அழைத்துச் சென்றார். அங்கிருந்த உடலியங்கியல் பேராசிரியர் பீட்டர் கார்போவிச்சும் இதே கருத்துடையவர். தோள்களுக்கு இடையே முதுகைச் சொறிய முடியுமா என்று அவர் ஜான் கிரிமெக்கிடம் கேட்டார். கிரிமெக் எளிதாகச் சொறிந்து காட்டியதோடு, கால்களை முழுதும் விரித்துத் தரையில் அமர்ந்தும் காட்டினார். கார்போவிச் அதோடு விடவில்லை, ஆய்வில் இறங்கினார். 1951இல் அவரும் வில்லியம் ஜோர்பஸும் வெளியிட்ட ஆய்வில், எடை தூக்குவோர் 300 பேரும் தூக்காதோர் 300 பேரும் கையால் சுழற்றும் வேகம் அளக்கப்பட்டது. எடை தூக்குவோரே வேகமானவர்களாக இருந்தனர். தம் பழைய கருத்துக்கு மாறான முடிவை அவரே வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

மருத்துவத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. தாமஸ் டிலோர்ம் இளமையில் வாதக் காய்ச்சலால் மாதக்கணக்கில் படுத்திருந்து, பின் எடை தூக்கி உடல் தேறியவர். இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோவில் படை மருத்துவமனை ஒன்றில் மருத்துவராக இருந்தார். முழங்கால் காயமுற்ற வீரர்களுக்கு அந்நாள் சிகிச்சை இலேசான அசைவுகளே. தேற நெடுநாள் ஆயிற்று. டிலோர்ம் அவர்கள் காலில் இரும்புக் காலணி மாட்டி, வாரந்தோறும் எடையைக் கூட்டினார். 1945இல் இதன் பயனை மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து முறையைச் சுருக்கினார். ஒருவரால் 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடை 40 கிலோ என்றால், முதலில் 20 கிலோ, அடுத்து 30 கிலோ, பிறகு 40 கிலோ எனப் பத்துப் பத்து முறை தூக்க வேண்டும். கொட்டகைகளில் வளர்ந்த கன்றுக்குட்டிக் கணக்கு இவ்வாறு மருத்துவமனைக்குள் வந்தது.

மாவும் மாத்திரையும்

பார்பெல் ஒருமுறை வாங்கினால் தலைமுறைக்கும் உழைக்கும். உணவுப் பொருளை மாதந்தோறும் வாங்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் ஹாஃப்மன் சோயா மாவைக் கொண்டு புரதப்பொடி விற்கத் தொடங்கினார். அவருடைய இதழில் பாலும் முட்டையும் இருந்த இடத்தைப் பொடி விளம்பரங்கள் பிடித்தன. அவர் விற்ற சில பொருட்களின் கூற்றுகள் தவறானவை என்று 1960களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்றும் நேர்ந்தது. 1960ஐ ஒட்டி ஹாஃப்மனின் வீரர்கள் சிலர் திடீரென முன்னேறினர். அசையாத தண்டைச் சில நொடிகள் முழு வலுவுடன் உந்தும் பயிற்சியே காரணம் என்று இதழ் எழுதியது. அதற்கான இரும்புச் சட்டங்களும் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவ்வீரர்கள் மருத்துவர் ஜான் சீக்லரின் மேற்பார்வையில் டயனபால் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் உட்கொண்டு வந்தனர். இது வாசகருக்குச் சொல்லப்படவில்லை. சட்டத்தை வாங்கிப் பழகிய எளியவர்கள், அந்த வீரர்களைப் போலத் தாம் முன்னேறாததற்குத் தம் உடலையே குறை கூறிக்கொண்டனர். பின்னாளில் சீக்லரே இம்மாத்திரைகளைக் கடுமையாக எதிர்த்தார். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டுச் சோதனை முதன்முதலாக நடத்தப்பட்டது.

நிலைத்தவை

வந்த பொருட்களில் பல மறைந்தன. சிறிது சிறிதாகக் கூட்டும் எடை, தட்டு மாற்றும் தண்டு, போதிய உணவு, ஓய்வு ஆகியவை நிலைத்தன. எடைப்பயிற்சி செய்வோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்துக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாக இல்லை என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று கூறியது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேலும் புரதம் உண்டு. 2024இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் புரதப்பொடிகளைத் தவிர்க்கும்படி கூறுகிறது.

எடைப்பயிற்சி குறித்த உண்மைகளில் சில, பட்டம் பெறாத எளியவர்கள் கொட்டகையில் கண்டவை. அவற்றை மறுத்த அறிஞர்கள் பின்னர் அளந்து பார்த்து ஏற்றனர். அளந்து பார்க்க வழியில்லாமல் விளம்பரத்தை நம்பியவர்களே பணத்தை இழந்தனர்; மாத்திரையை நாடியவர்களில் சிலர் உடல்நலத்தையும் இழந்தனர். அறிவுரை சொல்பவர் எதை விற்கிறார் என்று பார்க்கும் தேவை இன்றும் மாறவில்லை.