துறைமுகம் யாருக்குச் சொந்தம்?

துறைமுகம் என்ற சொல்லைக் கேட்டதும் கடலும் கப்பலுமே எம் மனக்கண்முன் தோன்றும். கடலே இல்லாத துறைமுகம் ஒன்று உண்டென்றால் அது நகைப்புக்கிடமானதாகத் தோன்றலாம். ஆயினும் இன்றைய உலகில் அத்தகைய துறைமுகங்கள் பல உள. கிழக்கு ஆபிரிக்காவில், கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில், கடல்மட்டத்துக்கு 1,600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், மொம்பாசாக் கரையிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீற்றர் தொலைவில், எம்பகாசி என்னும் பகுதியில் 1984 ஆம் ஆண்டில் ஒன்று திறக்கப்பட்டது. உலர் துறைமுகம் என்று இதனை அழைப்பர்.

இதன் செயன்முறை எளிது. கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டி கரையிலே திறக்கப்படுவதில்லை. முத்திரை உடைக்கப்படாமலே புகையிரதத்தில் ஏறி உள்நாட்டுக்குச் செல்கின்றது. அங்கேதான் சுங்க அதிகாரி அதனைச் சோதிக்கிறார். அங்கேதான் தீர்வை செலுத்தப்படுகின்றது. அங்கேதான் வணிகர் தம் பொருளைப் பெற்றுக்கொள்கின்றனர். நெரிசல் மிகுந்த துறைமுகத்துக்கு இது ஆறுதல் அளிக்கும். உகண்டா, எத்தியோப்பியா, நேபாளம் போன்ற கடலற்ற நாடுகளுக்கு இத்தகைய ஏற்பாடு பெரும் பயன் தரக்கூடியது. இவற்றையெல்லாம் நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு பெட்டி எங்கே திறக்கப்படுகின்றதோ அங்கேதான் தொழிலும் திறக்கிறது. சுமை இறக்குவோர், பண்டகசாலைக் கணக்கர், சுங்க முகவர், லொறிச் சாரதி, அவருக்குச் சோறு சமைத்துக் கொடுக்கும் பெண், சக்கரம் பழுதுபார்க்கும் இளைஞன் ஆகிய அனைவருடைய அடுப்பும் அந்த ஓரிடத்தை நம்பியே எரிகின்றன. அவ்விடத்தைத் தீர்மானிப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை காண மொம்பாசாவின் கடந்த நூற்றிருபத்தைந்து ஆண்டு வரலாற்றை நாம் சற்று ஆராய வேண்டும்.

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கிய தண்டவாளம் 1896 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. உகண்டாவையும் நைல் நதியின் ஊற்றையும் தன் பிடியில் வைத்திருக்கப் பிரித்தானிய ஏகாதிபத்தியம் விரும்பியதே அதன் முதற் காரணம். ஏறத்தாழ 930 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1901 ஆம் ஆண்டின் இறுதியில் ஏரிக்கரையை, இன்றைய கிசுமு நகரை, அடைந்தது. செலவு ஏறத்தாழ 55 இலட்சம் பவுண். அதனை அமைத்தவர்களோ இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள். அவருள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். மைலுக்கு நான்கு உயிர்களுக்கு மேல் என்பது கணக்கு. 1898 ஆம் ஆண்டில் சாவோ ஆற்றங்கரையில் தொழிலாளரைக் கொன்ற இரு சிங்கங்களைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் வந்துள்ளன. காய்ச்சலும் வயிற்றோட்டமும் விபத்தும் கொன்றவர்களின் தொகை அச்சிங்கங்கள் கொன்றவர்களின் தொகையைவிடப் பன்மடங்கு பெரிது. அவர்களைப் பாட எவரும் முன்வரவில்லை.

இதே பேரரசு 1867 ஆம் ஆண்டில் கண்டிவரை புகையிரதப் பாதை அமைத்ததை எம் வாசகர் அறிவர். இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இலங்கையிலே கோப்பித் தோட்டம் முதலில் வந்தது. கோப்பியைச் சுமக்கப் புகையிரதம் பின்னர் வந்தது. கென்யாவிலோ புகையிரதம் முதலில் வந்தது. அது சுமப்பதற்குச் சரக்கு இருக்கவில்லை. இட்ட முதலுக்கு வருவாய் தேடவேண்டிய ஆட்சி, மேட்டுநிலங்களைப் பறித்து வெள்ளையர்க்கு வழங்கியது. குடிசை வரியால் ஆபிரிக்கரைக் கூலி வேலைக்குத் துரத்தியது. 1920 ஆம் ஆண்டளவில், கைரேகை பதித்த அடையாளச் சீட்டை ஆபிரிக்க ஆடவர் கழுத்திலே சுமந்து திரியவேண்டுமென்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. புகையிரதக் கட்டணங்களும் தோட்ட முதலாளியின் ஏற்றுமதிக்குச் சலுகை காட்டின. தண்டவாளத்தைக் காப்பாற்ற ஒரு சமுதாயமே உருமாற்றப்பட்டது எனலாம். நாண்டி மக்கள் இதனை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடினர். 1905 ஆம் ஆண்டு அக்டோபரில், பேச்சுவார்த்தைக்கென வந்த அவர்தம் தலைவர் கொய்தலேல் அரப் சமோய் பிரித்தானியப் படையதிகாரி ஒருவராற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவ்வாறு மலைநாட்டிலே விளைவிக்கப்பட்ட கோப்பியும் தேயிலையும் கற்றாழை நாரும் மொம்பாசாவின் கிலிண்டினித் துறையை வந்தடைந்தன. அங்கே அவற்றை முதுகிலே சுமந்து கப்பலேற்றியவர்கள் நாட்கூலிகள். சுவாகிலி மொழியில் நாட்கூலி வேலைக்குக் கிபாருவா என்று பெயர். சிறு சீட்டு என்பது அதன் மூலப்பொருள். அன்றைய சீட்டுக் கிடைத்தால் அன்று சோறு. நாட்கூலி முறை முதலாளிக்கு மலிவானது. ஆயினும் அம்முறையே அவர்களுக்கு ஒரு வலிமையையும் தந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில், ஒரே வேளையில், ஒரே வேலைக்காகக் கூடி நின்றனர். கூடி நிற்பவர் கூடிச் சிந்திப்பர்.

1939 ஆம் ஆண்டிலே மொம்பாசாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1947 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள் தொடங்கிய பொது வேலைநிறுத்தமோ நகரையே அசைத்தது. துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் உழைத்தோர், ஏறத்தாழ 15,000 பேர், பன்னிரண்டு நாட்கள் கைகளைக் கட்டிக்கொண்டனர். கப்பல்கள் காத்துக் கிடந்தன. அப்போராட்டத்திற் பிறந்த ஆபிரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் செகே கிபாச்சியா அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் கைதுசெய்யப்பட்டு, உட்பகுதிக்கு அகற்றப்பட்டுப் பல ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டார். பஞ்சாபிலிருந்து சிறுவயதில் வந்து கென்யத் தொழிற்சங்க இயக்கத்துக்கு அடித்தளமிட்ட மக்கன் சிங் 1950 முதல் 1961 வரை தடுப்புக்காவலில் வாடினார். ஆனால் தொழிலாளரின் குரலை அடக்க முடியவில்லை. விசாரணைக்குழு அமைக்கப்பட்டது, கூலி உயர்ந்தது. 1955 ஆம் ஆண்டில் மீண்டும் துறைமுகம் நின்றது. மீண்டும் கூலி உயர்ந்தது. சரக்குச் சென்றே தீரவேண்டிய ஒரு குறுகிய வாயிலில் நின்றமையே அவர்களின் பலம்.

அந்த வாயிலை அகற்றிய கருவி வேறொரு கண்டத்திலே தோன்றியது. 1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்ரன் நோக்கி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. லொறிக் கம்பனி உரிமையாளரான மல்கம் மக்லீனின் முயற்சி அது. கைகளால் ஏற்றும்போது தொன் ஒன்றுக்கு ஐந்தே முக்கால் டொலருக்கு மேல் சென்ற செலவு, பெட்டி முறையில் பதினாறு சதமளவுக்குக் குறைந்ததெனக் கணக்கிடப்பட்டது. அந்த இலாபத்தின் மறுபக்கம், உலகத் துறைமுகங்கள் யாவற்றிலும் வேலையிழந்த சுமை தொழிலாளரே. இங்கு நாம் இயந்திரத்தைக் குற்றவாளியாக்க முனையவில்லை. மூட்டை சுமந்து முதுகு வளைவது மனிதனுக்குப் பெருமையன்று. இயந்திரம் குறைத்த பாரத்தின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதே எம் வினா.

பெட்டி முறை பரவியபின் சரக்கைக் கரையிலேயே பிரிக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. எம்பகாசி போன்ற நிலையங்கள் இதனாலேயே இயலக்கூடியவையாயின. இருந்தும் எம்பகாசி நெடுங்காலம் முழு வலுவுடன் இயங்கவில்லை. பெட்டியைச் சுமந்து வரவேண்டிய புகையிரதம் நலிந்துபோயிற்று. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளும் கூட்டாக நடத்திய புகையிரத சேவை 1977 ஆம் ஆண்டில் கிழக்கு ஆபிரிக்கச் சமூகம் சிதைந்தபோது பிளவுண்டது. பின்னர் முதலீடு குறைந்தது. 2006 ஆம் ஆண்டில் கென்ய, உகண்டப் பாதைகள் தனியார் கம்பனியொன்றுக்கு நெடுங்காலக் குத்தகைக்கு விடப்பட்டன. எதிர்பார்த்த மறுமலர்ச்சி வரவில்லை. 2017 ஆம் ஆண்டில் அக்குத்தகை முடிவுற்றது. இதற்கிடையில் சரக்கின் பெரும்பகுதி நெடுஞ்சாலைக்கு மாறியது. மரியகானி, வோய், மிட்டோ அண்டேய் முதலிய ஊர்கள் லொறிகள் தரித்துச் செல்வதால் உயிர்பெற்றன. வீதி விபத்துகளும் எண்ணெய்ச் செலவும் பெருகின என்பதும் உண்மையே. ஆகவே புதிய புகையிரதம் வேண்டுமென்ற எண்ணத்தில் நியாயம் இருந்தது.

அப்புதிய பாதை 2017 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் மொம்பாசாவுக்கும் நைரோபிக்குமிடையே திறக்கப்பட்டது. அமைத்தது சீனக் கம்பனி. ஏறத்தாழ 360 கோடி டொலர் செலவில் பெரும்பங்கு சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். கடனை அடைக்க வருவாய் வேண்டும். வருவாய்க்குச் சரக்கு வேண்டும். எனவே புகையிரதத்துக்குக் குறிப்பிட்ட அளவு சரக்கை உறுதிசெய்ய வேண்டுமென, துறைமுக அதிகாரசபையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமொன்று 2014 ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டிருந்தது. கடன் ஒப்பந்தங்களின் பகுதிகளை மக்கள் பார்க்க முடிந்ததோ 2022 நவம்பரில்தான்.

1901 ஆம் ஆண்டின் சிக்கல் மீண்டும் தலைகாட்டியது. பாதை அமைந்துவிட்டது, அதற்குச் சரக்கு தேடவேண்டும். அன்று குடிசை வரி, இன்று சுற்றறிக்கை. உள்நாட்டுக்குச் செல்லும் இறக்குமதிச் சரக்கு அனைத்தும் புகையிரதத்தாலேயே செல்லவேண்டும், நைரோபியிலேயே விடுவிக்கப்படவேண்டும் என 2019 ஆகஸ்டில் ஆணை பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நைவாசாவில் மற்றுமோர் உலர் துறைமுகம் திறக்கப்பட்டது. உகண்டா எல்லையை அடையவேண்டிய புதிய பாதை அப்பகுதியோடு நின்றுவிட்டமையால், எல்லைக்குச் செல்லும் சரக்கு அங்கே மீண்டும் லொறியேற வேண்டியதாயிற்று.

மொம்பாசா கொதித்தெழுந்தது. 2019 செப்டெம்பரிலும் அக்டோபரிலும் வாரந்தோறும் ஊர்வலங்கள் நடைபெற்றன. சாரதிகளும் சுங்க எழுத்தர்களும் கடைக்காரப் பெண்களும் வேலையற்ற இளைஞரும் வீதியிலிறங்கினர். லொறி முதலாளிகளும் தனியார் பண்டகசாலை உரிமையாளரும் உடன் வந்தனர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அவர்களுடைய துயரம் இலாபக் கணக்கில் விழுந்த ஓட்டை. சாரதியின் துயரம் பிள்ளையின் பள்ளிக்கட்டணம். இரண்டும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன, ஒரே துயரமாகிவிடவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2020 நவம்பரில் மொம்பாசா உயர்நீதிமன்றம் அவ்வாணை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பாதிக்கப்படும் மக்களின் கருத்தைக் கேளாமை அதன் முக்கிய குறைகளுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. 2022 செப்டெம்பரிற் பதவியேற்ற ஜனாதிபதி வில்லியம் ரூட்டோ, சரக்கு விடுவிக்கும் பணியை மொம்பாசாவுக்கு மீளளிப்பதாகப் பதவியேற்பு நாளிலேயே அறிவித்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய பாடங்கள் எவை?

முதலாவது, கடன் கொடுப்போரின் கொடி மாறுவதால் மட்டும் உழைப்போரின் நிலை மாறிவிடுவதில்லை. 1896 இல் முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது. நம் காலத்திலே அது சுதந்திர நாட்டின் தலைநகரில் எடுக்கப்பட்டது. ஆயினும் கதவு மூடப்பட்டிருந்தது. ஏகாதிபத்தியத்துக்கும் சீனக் கடனுக்கும் வேறுபாடே இல்லையென்று கூறுவது வரலாற்றைக் குழப்புவதாகும். கென்ய அரசு தானே கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்குத் தானே பொறுப்பாளி. அப்பொறுப்பைத் தட்டிக் கேட்கும் உரிமையே சுதந்திரத்தின் உட்பொருள்.

இரண்டாவது, அப்பெட்டிகளே ஓர் உண்மையைச் சொல்கின்றன. மொம்பாசாவிலிருந்து நிறைந்து ஏறும் பெட்டிகளிற் பெரும்பாலானவை வெறுமையாகவே மீள்கின்றன. இறக்குமதி மலைபோலவும் ஏற்றுமதி மடுப்போலவும் உள்ள நாட்டில் எத்துணை நேர்த்தியான உலர் துறைமுகம் அமைத்தாலும் அது பிறநாட்டுப் பண்டங்களின் கிடங்காகவே இருக்கும். உள்நாட்டுத் தொழிலும் வேளாண்மையும் அப்பெட்டிகளை நிரப்பும் நாளிலேதான் தண்டவாளத்தின் முழுப்பயன் மக்களுக்குக் கிட்டும்.

மூன்றாவது, தொழிலை இடம்மாற்றுவோர் தொழிலாளரையும் கணக்கிலெடுக்க வேண்டும். மொம்பாசாவிலே இழக்கப்படும் வேலைகள் எத்தனை, அவர்களுக்கு மாற்றுத்தொழில் யாது, பயிற்சி யார் தருவது என்பவை திட்டத்தின் முதற் பக்கத்தில் இருக்கவேண்டியவை. அவற்றைத் தொழிற்சங்கங்களின் முன் வைத்துத் தீர்மானித்திருந்தால் புகையிரதமும் வாழ்ந்திருக்கும். துறைமுக நகரும் வாழ்ந்திருக்கும்.

ஒரு காலத்தில் துறைமுகத்தைக் கடல் தீர்மானித்தது. இன்று அதனை ஒரு கையொப்பம் தீர்மானிக்கின்றது. கப்பல் தங்குமிடத்தை ஆழம் அளந்து அறியலாம். கையொப்பம் எங்கே இடப்படுகிறது என்பதை அறிய மக்கள் விழித்திருக்க வேண்டும். 1947 இல் வாயிலிலே கூடி நின்றவர்களின் பேரர்கள் 2019 இல் வீதியிலே கூடி நின்றனர். வாயில் இடம்பெயர்ந்தாலும் கூடி நிற்கும் ஆற்றல் இடம்பெயரவில்லை. துறைமுகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அவர்கள் தொடங்கிவைத்த விடையை, வளர்ந்துவரும் நாடுகளின் உழைக்கும் மக்கள் அனைவரும் எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது.