நுண்செயலிப் படிநிலைகளும் வில்லியனூர் கிராம அறிவு மையங்களும்

நுண்செயலிப் படிநிலை என்பது, ஒரு நிறுவனம் தன் செயலிகளைத் திறன், விலை ஆகியவற்றைக் கொண்டு அடிப்படை, இடைநிலை, உயர்நிலை எனப் பிரித்து விற்கும் முறையாகும். இன்டெல் நிறுவனம் மூன்று படிகளுக்கும் தனித்தனிப் பெயர்களை நிறுத்திய 1998ஆம் ஆண்டில்தான், புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு சிற்றூர்களுக்குப் பொதுக் கணினிகளைக் கொண்டுசெல்லும் திட்டமும் தொடங்கியது. எந்த வேலைக்கு எந்தக் கணினி என்ற கேள்விக்கு இவ்விரு வரலாறுகளும் விடை தருகின்றன.

செலரான் தந்த பாடம்

1997இல் வந்த பென்டியம் 2 விலை மிகுந்தது. மலிவான கணினிகளுக்காக 1998 ஏப்ரலில் செலரான் வெளியானது. அதே ஆண்டு சூன் மாதம் வழங்கிக் கணினிகளுக்கான சியான் வந்தது. விலையைக் குறைப்பதற்காக, முதல் செலரானில் இரண்டாம் நிலைக் கேச் நினைவகம் முற்றிலும் நீக்கப்பட்டிருந்தது. பென்டியம் 2இல் அது 512 கிலோபைட் அளவில் இருந்தது. செயலிக்கு அடிக்கடி தேவைப்படும் தரவைக் கேச் நினைவகம் பக்கத்திலேயே வைத்திருக்கும். உப்பும் புளியும் அடுப்படியிலேயே இருப்பது போன்றது இது. அது இல்லாததால் முதல் செலரான் பல வேலைகளில் மந்தமாக இயங்கியது. குறை உணரப்பட்டு, ஆகஸ்டு மாதத்திலேயே 128 கிலோபைட் கேச் கொண்ட செலரான் 300ஏ வந்து நற்பெயர் பெற்றது. விலை குறைவு என்பதற்காக இன்றியமையாத ஒன்றை விட்டுவிடக் கூடாது என்பதே இதன் பாடம்.

வில்லியனூர் அனுபவம்

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் தகவல் கிராம ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவமாக அமைந்தது. கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் உருவாயின. இடத்தை ஊரார் தந்தனர். உள்ளூர்த் தன்னார்வலர்கள், குறிப்பாகப் பெண்கள், மையங்களை நடத்தினர்.

அங்கே செயலியின் வேகம் முதன்மைச் சிக்கலாக இல்லை. மின்சாரம் அடிக்கடி நின்றது. அதற்குச் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. தொலைபேசி இணைப்பு போதாத இடங்களில் இருவழி வானொலிக் கருவிகள் வழியே தகவல் அனுப்பப்பட்டது. விளைபொருள் விலை, அரசு நலத்திட்டங்கள், மருத்துவ வசதி போன்ற செய்திகள் வில்லியனூரில் தமிழில் தொகுக்கப்பட்டன. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை கிடைத்தது. அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே அது ஊரெங்கும் ஒலித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். கருவியின் மதிப்பை அதன் பயன்பாடே தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

இன்றைய படிநிலைகள்

2008இல் கோர் ஐ7, 2009இல் ஐ5, 2010இல் ஐ3 ஆகியவை அறிமுகமாயின. ஏஎம்டி நிறுவனம் 2017 முதல் ரைசன் 3, 5, 7 என்ற வரிசையை வெளியிட்டது. எண் கூடக் கூடத் திறனும் கூடும் என்பது ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக் கணினிக்குள் மட்டுமே பொருந்தும். 2016இல் மடிக்கணினிகளுக்கென வந்த ஐ7-7500யூ செயலியில் இரண்டு கருக்களே இருந்தன. 2020இல் மேசைக் கணினிகளுக்கென வந்த ஐ3-10100 நான்கு கருக்களைக் கொண்டது. எனவே ‘ஐ7’ என்ற ஒட்டுவில்லையை மட்டும் நம்பிப் பழைய மடிக்கணினியை வாங்கும் குடும்பம் ஏமாற நேரிடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

தமிழ்த் தட்டச்சு, இணைய வகுப்பு, விண்ணப்பம் நிரப்புதல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றுக்கு அண்மைத் தலைமுறை ஐ3 அல்லது ரைசன் 3 போதும். நிரலாக்கம் பயிலும் கல்லூரி மாணவருக்கு ஐ5 அல்லது ரைசன் 5 ஏற்றது. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்றவற்றையே தொழிலாகச் செய்வோருக்கு ஐ7 வரிசை பயன்படும்.

கையிருப்பு குறைவாக இருந்தால், உயர்ந்த படிக்குச் செலவிடும் தொகையை 8 ஜிபி நினைவகத்துக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கும் செலவிடுவது அன்றாட வேலையில் கூடுதல் பயன் தரும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் மின்தடையைச் சமாளிக்க, மின்கலம் நீண்ட நேரம் தாங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்குப் போகுமுன் அந்தக் கணினியில் செய்யவிருக்கும் வேலைகளைத் தாளில் எழுதிக்கொண்டால், வேண்டிய படி எது என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.