ஆற்று மணலும் அறிஞர் கணக்கும்

ஓடும் நீர் எவ்வளவு கல்லையும் மணலையும் இழுத்துச் செல்லும் என்பதை அறியாது ஆற்றுக்குக் கரை கட்டினால், ஒருநாள் படுகை மேடாகி வெள்ளம் கரையைக் கடக்கும். 1879இல் ரோன் நதியை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியியலாளர் டுபுவா, நீரின் இழுவிசையைக் கொண்டு இதனைக் கணிக்க வழிவகுத்தார்.

பின்னர், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலே மேயர்-பீட்டரும் முல்லரும் ஆய்வுக் கால்வாய்களிற் சரளைக் கற்களை ஓடவிட்டு அளந்து, 1948இல் தம் சூத்திரத்தை வெளியிட்டனர். உலகெங்கும் பொறியியலாளர் அதனைக் கைக்கொண்டனர். காலப்போக்கிற் கணினி நிரல்களிலும் அது இடம்பெற்றது.

ஆயின், 2006இல் வொங், பார்க்கர் என்னும் இருவர் அவ்வறிஞரின் அளவீடுகளையே மீண்டும் ஆராய்ந்தனர். மட்டமான படுகைக்கு அவர்கள் சேர்த்திருந்த உராய்வுத் திருத்தம் வேண்டாததென்றும், அதனை நீக்கினால் 8 என்ற கெழு ஏறக்குறைய 4 ஆகக் குறையுமென்றும் காட்டினர். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நம்பிய கணக்கிலே பாதி மிகை!

பிரான்சிற் பிறந்த டெலிமாக் போன்ற நிரல்கள், பயன்படுத்துவோர் தம் சூத்திரத்தைத் தாமே எழுதிச் சேர்க்க இடமளிக்கின்றன. அவ்வாறு சேர்த்த சூத்திரத்தையும் ஆற்றில் அளந்த அளவுகளோடு ஒப்பிட்ட பின்னரே நம்புதல் தகும். கணினி பிழையின்றிக் கூட்டிப் பெருக்கும்; சூத்திரம் அந்த ஆற்றுக்குப் பொருந்துமா என்பதை நாமே ஆராய்தல் வேண்டும்.